கயிறு மாறிய பின்

பயன்படுத்திய சொகுசு காரை வாங்கலாமா, கூடாதா என்னும் கேள்வி பெரும்பாலும் கணக்கு நோட்டில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. விலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எத்தனையாவது கைக்கு வருகிறது என்று பார்த்துக் கூட்டிக் கழித்தால் விடை கிடைத்துவிடும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் அந்தக் கூட்டல் கழித்தலுக்கு அடியில், அறநூல்கள் நெடுங்காலமாக விவாதித்துவரும் இரண்டு வினாக்கள் கிடக்கின்றன. பெயரால் மதிப்புப் பெற்ற பொருள் ஒன்று பழையதாகிக் கைமாறும்போது உண்மையில் விற்கப்படுவது எது என்பது ஒன்று. பொருளின் குறையை அறிந்தவன் அறியாதவனிடம் எவ்வளவு சொல்லக் கடமைப்பட்டவன் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்து ஆராய்வதற்குக் கொச்சியின் மட்டாஞ்சேரியைப் போல வாய்ப்பான ஊர் கிடைப்பது அரிது. யூதர்களின் சினகாக், முஸ்லிம்களின் பள்ளிவாசல்கள், குஜராத்திச் சமணரின் கோயில், கொங்கணிகளின் திருமலை தேவசுவம் கோயில், 1653ஆம் ஆண்டில் கிறித்தவர் எடுத்த கூனன் குருசுச் சத்தியத்தை நினைவூட்டும் தேவாலயம் ஆகியவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகக்கூடிய தொலைவில் நிற்கும் அவ்வூரில், ஒவ்வொரு சமயத்தாருக்கும் விற்றல் வாங்கல் பற்றித் தனித்தனி மரபு இருந்தது. பிழைப்பு மட்டும் அனைவருக்கும் ஒரே கடைத்தெருவில் இருந்தது.

1568இல் கட்டப்பட்ட பரதேசி சினகாக்கில் பேணப்பட்டுவரும் செப்பேடுகளிலிருந்து முதல் வினாவைத் தொடங்கலாம். சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் ஏறக்குறைய கி.பி. 1000இல் முயிரிக்கோட்டில் இருந்தபோது யோசேப்பு இரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு அளித்த உரிமைகளை, தமிழும் மலையாளமும் இன்னும் முழுதாகப் பிரியாத ஒரு மொழியில், வட்டெழுத்தில் அவை பட்டியலிடுகின்றன. பகல் விளக்கு, பாவாடை என்னும் நடைவிரிப்பு, குடை, தோரணம் ஆகியவற்றோடு அந்தோளகம் என்னும் ஒன்றும் அங்கே வருகிறது. அந்தோளகம் என்பது ஆட்கள் தோளில் சுமந்து செல்லும் பல்லக்கு. மன்னன் கொடுத்தது மரத்தையும் மூங்கிலையும் அன்று, அதில் ஏறி அமரும் தகுதியை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பல்லக்குச் செய்யத் தச்சன் போதும்; ஏறுவதற்கு அரசன் வேண்டியிருந்தது. அத்தகுதி இரப்பானின் மக்களுக்கும் மருமக்களுக்கும் வழிவழியாகச் செல்லும் என்று செப்பேடு கூறுகிறது. சந்தையில் கைமாறும் சரக்காக அது எண்ணப்படவில்லை.

இன்றைய சொகுசு காரின் முகப்பில் பொருத்தப்பட்டிருக்கும் சின்னம், ஒருகாலத்தில் செப்பேடு செய்த வேலையைப் பணம் வாங்கிக்கொண்டு செய்கிறது. முழு விலை கொடுத்துப் புதிய வண்டியை வாங்குபவர் பொருளையும் தகுதியையும் சேர்த்தே வாங்குகிறார். எட்டு ஆண்டுக்குப் பின் அதே வண்டியைக் கால்பங்கு விலைக்கு வாங்குபவர் பெறுவது பொருளையா, எஞ்சிய தகுதியையா என்று கேட்டால், தெருவில் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சின்னத்துக்கு வயது தெரிவதில்லை. சந்தை விலையைக் கீழே தள்ளுவது வயது, மேலே இழுப்பது சின்னம். இந்த இழுபறியில்தான் பேரத்தின் கவர்ச்சியும் அதன் ஆபத்தும் பிறக்கின்றன.

வயதால் மதிப்புக் குறைவதைக் கணக்கிட இந்தியக் காப்பீட்டு முறையில் ஓர் அட்டவணை உண்டு. வண்டி களவு போனாலோ முழுதும் அழிந்தாலோ காப்பீட்டு நிறுவனம் அதிகபட்சமாகத் தர ஒப்புக்கொள்ளும் தொகைக்கு ‘ஐ.டி.வி.’ என்று பெயர். ஆறு மாதத்துக்குள் 5 விழுக்காடு, ஓராண்டுக்குள் 15, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு என்று அது கழிக்கப்படுகிறது. ஐந்தாண்டைத் தாண்டினால் அட்டவணை வாய்மூடிவிடும். நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடித்துக்கொள்ள வேண்டியதுதான். நவீன நிறுவனங்களின் கண்டுபிடிப்புப் போலத் தோன்றும் இம்முறைக்கு மிகப் பழைய முன்னோடி ஒன்று உண்டு. நாரத ஸ்மிருதியில், வாங்கியபின் மனம் மாறுதலைக் குறிக்கும் ‘கிரீதானுசயம்’ என்னும் பகுதி, உடுத்தும் துணியை ஒருமுறை வெளுத்தால் அதன் விலையில் அரைக்கால் பங்கும், இரண்டுமுறை வெளுத்தால் கால் பங்கும், மூன்றாம் முறையில் மூன்றில் ஒன்றும், நான்காம் முறையில் பாதியும் போய்விடும் என்று விதிக்கிறது. அதற்கப்பால் எஞ்சிய பாதி சிறிது சிறிதாகக் குறையும். துணி கந்தலானபின் விதி இல்லை. ஓர் எல்லை வரைக்கும் கணக்கு, எல்லைக்குப் பின் பேச்சு என்னும் இந்த அமைப்பு, காப்பீட்டு அட்டவணையின் அமைப்பை ஒத்தது.

மட்டாஞ்சேரியிலிருந்து சிறிது தொலைவில், ஃபோர்ட் கொச்சியின் ‘வெளி’ என்னும் பகுதியில் உள்ள தோபிக்கானாவில் இவ்விதி இன்றும் கண்முன் நடப்பதைக் காணலாம். டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடுப்பு வெளுக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர் என்று சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் அங்கே தனித்தனித் தொட்டிகளில் துணியை அடித்துத் துவைத்து, கஞ்சி போட்டு, முறுக்கிய இரட்டைக் கயிறுகளின் புரிகளுக்கிடையே கிளிப் இல்லாமல் செருகி உலர்த்துகின்றன. மடித்து இஸ்திரி போட்டபின் துணி முன்னைவிடப் புதிதாகத் தோன்றும். ஆனால் இழையில் அரைக்கால் போனது போனதுதான். தோற்றம் ஏறும்போதே மதிப்பு இறங்குவதைப் பழைய சட்டநூலார் துணியில் கண்டுகொண்டார்கள். வண்டிச் சந்தையில் பாலிஷ் போட்டு, இருக்கைத் தோலுக்கு எண்ணெய் தடவி நிறுத்தப்படும் காரிலும் இது பொருந்தும்.

மதிப்பு இறங்குவதால் ஆதாயம் உண்டு என்பதை மறுக்க முடியாது. முதல் உரிமையாளர் ஐந்தாண்டில் இழந்த பாதி விலையை இரண்டாமவர் இழக்க வேண்டியதில்லை. உறுதியான உடற்கூடு, கூடுதல் காற்றுப்பைகள், நெடுஞ்சாலையில் களைப்புத் தராத ஓட்டம் ஆகியவை விலை குறைந்ததால் குறைந்துவிடுவதில்லை. முதற்பதிவின்போது கட்டப்பட்ட ஆயுள் வரியின் எஞ்சிய காலமும் அதே மாநிலத்துக்குள் வண்டியோடு சேர்ந்தே வருகிறது. ஏற்கெனவே செய்யப்பட்ட பொருளை அதன் ஆயுள் முழுதும் பயன்படுத்துவது, புதிதாக இன்னொன்றைச் செய்யச் சொல்வதைவிடச் சிக்கனம் என்னும் வாதத்துக்கும் அறநோக்கில் எடை உண்டு.

இருப்பினும் விலை இறங்கும்போது கூடவே இறங்காத ஒன்று இருக்கிறது. புதிதாக 60 லட்சம் ரூபாய்க்கு விற்ற வண்டி எட்டாண்டுக்குப் பின் 15 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்று எடுத்துக்கொண்டால், அதன் உதிரிபாகங்கள் 15 லட்சத்து வண்டியின் விலைக்குக் கிடைப்பதில்லை. 60 லட்சத்து வண்டியின் பாகங்களாகவே அவை விலைப்பட்டியலில் நிற்கின்றன. இவ்வகை வண்டிகள் சிலவற்றில் எஃகுச் சுருளுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர்ப் பைகள் உடலைத் தாங்குகின்றன. ‘ஏர் சஸ்பென்ஷன்’ எனப்படுவது இதுவே. வயதான ரப்பரில் வெடிப்பு விழுந்தால், இரவு நேராக நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலை மட்டும் தாழ்ந்து, முன்னங்காலை மடக்கிய யானைபோலக் கிடக்கும். பையை மாற்றினால் எழும். மாற்றும் செலவில் சிறிய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிவிடலாம் என்று பணிமனைகளில் அலுத்துக்கொள்வார்கள். ஆக, விலைக்கு மட்டுமே வயது ஏறுகிறது, பேணுதலுக்கு ஏறுவதில்லை. பழைய சொகுசு காரை வாங்குபவர் குறைந்த விலைக்கு வாங்கியது பொருளை; கடமையை அவர் முழு விலைக்கே ஏற்கிறார். இதைக் கால்பங்கு விலைப் பேரம் என்று அழைப்பது கணக்குப் பிழை.

விற்கப்படும் ‘அது’ எது என்பதிலும் ஒரு தத்துவச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. மிலிந்த பஞ்ஹா என்னும் பாலி நூலில் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவி, கிரேக்க அரசனிடம் அவன் ஏறிவந்த தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் தேர் இல்லை, இவை சேர்ந்தவிடத்து வழங்கும் பெயரே தேர் என்று நிறுவுகிறார். பலகை, கதவு, பம்பர், கியர்ப்பெட்டி என்று பாதி மாற்றப்பட்ட காரை முன்னிறுத்தினால் நாகசேனரின் வாதம் இன்னும் எளிதாகியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டமோ அவரோடு உடன்படாது. உடற்கூட்டில் பொறிக்கப்பட்ட சேசிஸ் எண்ணும் பதிவேட்டில் உள்ள பெயருமே வண்டியின் அடையாளம் என்பது அதன் நிலை. நாகசேனர் ஆன்மா இல்லை என்று கண்ட இடத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் எண் வடிவில் ஓர் ஆன்மாவை வைத்திருக்கிறது.

இரண்டாவது வினாவாகிய மறைந்த குறை பற்றிய வினாவுக்குத் தமிழ் மரபில் மிகப் பெரிய உதாரணம் மாணிக்கவாசகர் வரலாற்றில் உள்ளது. திருவிளையாடற் புராணம் சொல்லும்படி, அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்க அனுப்பிய பொருளைத் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்குச் செலவிட்டுவிட்ட அமைச்சரான மாணிக்கவாசகருக்காக, இறைவன் நரிகளைப் பரிகளாக்கி, தானே குதிரைச் சேவகனாக மதுரைக்கு ஓட்டிவந்தான். அரசன் குதிரைகளைக் கண்டு மகிழ்ந்தான். கயிறு மாற்றி அவை ஒப்படைக்கப்பட்டன. கயிறு மாற்றுதல் என்பது கால்நடை விற்பனையில் விற்றவர் கயிறு நீங்கி வாங்கியவர் கயிறு ஏறும் சடங்கு; அந்தக் கணத்தோடு உடைமையும் பொறுப்பும் கைமாறுகின்றன. நள்ளிரவில் பரிகள் மீண்டும் நரிகளாகி, இலாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறின. சைவர்களுக்கு இது அருட்கூத்து. விற்பனைச் சட்டத்தின் கண்ணால் பார்த்தாலோ, வெளியில் தெரியாத குறை கயிறு மாறிய பின் வெளிப்பட்ட வழக்கு. விற்றவனைத் தேடிப் பிடிக்க முடியாத அரசன், இடையில் நின்ற அமைச்சரை வைகைச் சுடுமணலில் நிறுத்தினான். பழைய வண்டி வியாபாரத்திலும் விற்றவர் போன இடம் தெரியாது, தரகரே அகப்படுவார்.

அரசன் செய்ததுபோல் தண்டிப்பதற்கு முன், விற்பவர் சொல்லியிருக்க வேண்டியது எது என்பதை வரையறுக்க வேண்டும் என்பதில் யூதச் சட்டம் மிக நுணுக்கமானது. யூதரின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பாபா மெட்ஸியா என்னும் பகுதி, நியாய விலையிலிருந்து ஆறில் ஒரு பங்கோ அதற்கு மேலோ விலகிய விற்பனையை ரத்துக்கு உரியதாக்குகிறது. இந்த மிகைவிலைக் குற்றத்துக்கு ‘ஓனாஆ’ என்று பெயர். அதே பகுதி, மனிதரையோ கால்நடையையோ பாத்திரத்தையோ விற்பனைக்காக அழகுபடுத்திக் காட்டலாகாது என்கிறது. தல்மூத் உரையாசிரியர்கள் இதற்கு வரம்பு கட்டும்போது, புதிய பாத்திரத்துக்கு வண்ணம் பூசலாம், பழையதற்குப் பூசலாகாது என்று பிரித்தார்கள். புதியதன் வண்ணம் அலங்காரம், பழையதன் வண்ணம் பொய் என்பது அதன் கருத்து. மோதிய வண்டியின் நெளிவைத் தட்டி நிமிர்த்திப் புதுப்பெயின்ட் அடிக்கும் ‘டிங்கரிங்’ வேலையை இதைவிடச் சுருக்கமாக யாரும் விசாரித்ததில்லை.

இந்த விதி பேசப்பட்ட யூதத் தெருவின் இன்றைய நிலையில் ஒரு முரண் இருக்கிறது. 1948இல் இஸ்ரேல் அமைந்த பின் கொச்சி யூதர் பெரும்பாலும் கடல் கடந்து போய்விட்டார்கள். அவர்கள் வாழ்ந்த தெரு பழம்பொருள் கடைகளால் நிறைந்தது. பித்தளை விளக்கு, மரப்பெட்டி, உருளி, சீனச் சாடி என்று அடுக்கியிருக்கும் அக்கடைகளில் பழையனவும், பழமையின் சாயலில் புதிதாகச் செய்யப்பட்டனவும் கலந்தே விற்கப்படுகின்றன. பழம்பொருள் சந்தையில் புதியது பழையதாகக் காட்டப்பட்டால் ஏமாற்று. வண்டிச் சந்தையில் பழையது புதியதாகக் காட்டப்பட்டால் ஏமாற்று. பெட்டியில் கீறல் மதிப்பைக் கூட்டுகிறது, காரில் குறைக்கிறது. குறை என்பது பொருளில் இருப்பதா, பார்ப்பவரின் எதிர்பார்ப்பில் இருப்பதா என்னும் ஐயம் எழுவதற்கு அத்தெருவை ஒருமுறை கடந்தால் போதும். ஆனால் யூதச் சட்டம் இந்த ஐயத்தில் மயங்கவில்லை. எது குறை என்பதை அந்தப் பொருளை வாங்குவோரின் வழக்கம் முடிவு செய்யட்டும், அதை மறைத்தல் மட்டும் எப்பொருளிலும் குற்றம் என்று அது நின்றுவிடுகிறது.

மட்டாஞ்சேரியின் முதன்மைச் சரக்கான மிளகுக்கே இந்தச் சோதனை வந்தது. 2012 டிசம்பரில், கொச்சிக் கிடங்குகளில் முன்பேர வணிகத்துக்காக வைத்திருந்த மிளகில் கனிம எண்ணெய் கலந்திருப்பதாகக் கண்டு உணவுப் பாதுகாப்புத் துறை ஆயிரக்கணக்கான டன்னுக்கு முத்திரை வைத்தது. மிளகுக்கு எண்ணெய் பூசுவது அது பூசணம் பிடிக்காமல் கருத்து மினுங்குவதற்காக. பழைய பாத்திரத்துக்கு வண்ணம் பூசாதே என்ற விதியை யூதத் தெருவை அடுத்த சந்தையில் மிளகுமணி மீறியது என்று சொன்னால் மிகையாகாது.

இஸ்லாமிய மரபிலும் சரக்குக் குவியலே முதல் பாடம். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நபிகள், அடியில் ஈரம் இருந்ததைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதாக ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. ஈரமான தானியத்தை விற்கவே கூடாது என்று அவர் சொல்லவில்லை; ஈரத்தை மேலே வைக்கச் சொன்னார். இந்த நுட்பம் முக்கியமானது. பழைய வண்டியை விற்பது குற்றமாகாது, மோதல் நடந்த பக்கத்தைச் சுவரோரமாக நிறுத்துவதுதான் குற்றம். மறைந்த குறை வெளிப்பட்டால் வாங்கியவர் விற்பனையைத் திருப்பிவிடும் உரிமைக்கு ‘கியார் அல்-ஐப்’ என்று சட்டப் பெயர். அதை எல்லாச் சட்டப்பள்ளிகளும் ஏற்கின்றன.

ஆனால் ‘உள்ளது உள்ளபடி, எல்லாக் குறைகளுக்கும் நான் பொறுப்பில்லை’ என்று சொல்லி விற்றால் என்ன ஆகும் என்பதில் பள்ளிகள் பிரிகின்றன. இப்பிரிவு மட்டாஞ்சேரியில் வெறும் ஏட்டுச் செய்தியாக இருக்கவில்லை. கேரள மாப்பிள்ளைமார் ஷாஃபிஈ வழியினர். கட்ச் பகுதியிலிருந்து வந்து குடியேறிய கச்சி மேமன் வணிகர் ஹனஃபி வழியினர். ஹனஃபி சட்டத்தில் அவ்வாறு பொறுப்பு விலக்கிக்கொள்வது செல்லும். ஷாஃபிஈ சட்டத்தில் பொதுவாகச் செல்லாது. உயிருள்ள கால்நடையின் உள்ளே மறைந்திருந்து, விற்பவருக்கும் தெரியாதிருந்த குறைக்கு மட்டுமே விலக்கு உண்டு, ஏனெனில் விலங்கின் உடல் உள்ளுக்குள் மாறிக்கொண்டே இருப்பது, அதை உடையவரும் முழுதறிய இயலாதது. பேரம் முடிந்தும் இருவரும் அவ்விடத்தை விட்டுப் பிரியும்வரை மனம் மாறலாம் என்னும் ‘கியார் அல்-மஜ்லிஸ்’ உரிமையை ஷாஃபிஈகள் ஏற்கிறார்கள், ஹனஃபிகள் ஏற்பதில்லை. ஆகவே ஒரே பண்டகசாலைத் திண்ணையில் செய்த ஒரே பேரம், யாருடைய சட்டத்தால் அளக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து, தேநீர் குடித்து முடிப்பதற்குள் கலைக்கக்கூடியதாகவும் கலைக்க முடியாததாகவும் இருந்திருக்கும். இன்றைய காரின் எஞ்சின், பல கணினிகளோடு உள்ளுக்குள் தேய்ந்து மாறிக்கொண்டே இருப்பதைப் பார்த்தால், அதைப் பாத்திரம் என்பதைவிடக் கால்நடை என்று வகைப்படுத்துவதே பொருத்தம். அப்படியானால் விற்பவர் அறியாத குறைக்கு அவரைப் பிடிப்பது அநீதி. மீட்டரைத் திருப்பிக் கிலோமீட்டரைக் குறைத்தவர் மட்டும் அறியாதவர் ஆகமாட்டார்.

கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸும் 13ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய இங்கேயே வந்து சேர்ந்தார். ஒற்றைக்கண் குதிரை போலக் குறை வெளிப்படையாக இருந்து விலையும் அதற்கேற்பக் குறைந்திருந்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, மறைந்திருந்து கேடோ இழப்போ தருவதாயின் சொல்லியே ஆக வேண்டும் என்றார். இந்தியச் சட்டம் இவர்கள் எல்லோரையும் விட இளகியது என்பது வியப்பு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 17இல், வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது என்று கூறிவிட்டு, அதற்கு விளக்கமாகக் குதிரையையே கொண்டுவருகிறது. நோயுற்றதென்று தனக்குத் தெரிந்த குதிரையை ஏலத்தில் விற்பவர் எதுவும் சொல்லாமல் இருந்தால் அது மோசடியன்று. வாங்குபவள் அப்போதுதான் வயதுக்கு வந்த சொந்த மகளாயின், சொல்வது கடமை. வாங்குபவர் ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக உள்ளதென்றே கொள்வேன்’ என்று சொல்லியும் விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். இந்த மூன்று குதிரைகளையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால், சமயச் சட்டங்கள் அந்நியரையும் மகளைப்போல நடத்தச் சொல்வதும், நவீன ஒப்பந்தச் சட்டம் மகளல்லாத யாரையும் அந்நியராகவே விட்டுவிடுவதும் புலப்படும். திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரம், பிறர் பொருளையும் தம்முடையதுபோலப் பேணச் சொல்லும், வணிகரைப் பற்றிய குறளோடு முடிவதற்கும் இதுவே காரணம் என்று கொள்ளலாம்.

இதனால் சந்தைக்கு வரும் கேட்டை 1970இல் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார்களையே எடுத்துக்காட்டாகக் கொண்டு நிறுவினார். நல்ல வண்டியையும் மோசமான வண்டியையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது அவர் சராசரி விலையே தருவார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார். மோசமானவை சந்தையில் தேங்கும். மறைத்தல் ஏமாறுபவரை மட்டும் கெடுப்பதன்று, உண்மை பேசும் விற்பனையாளரையும் சந்தையிலிருந்து துரத்துகிறது என்பதைக் காட்டிய இந்த ஆய்வுக்கு 2001இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

குறை எஞ்சினில் மட்டும் இருப்பதில்லை, உரிமையிலும் இருக்கும். மனுஸ்மிருதி வகுக்கும் பதினெட்டு வழக்குத் துறைகளில் மூன்றாவது ‘அஸ்வாமி விக்கிரயம்’, அதாவது உரிமை இல்லாதவன் செய்த விற்பனை. அதன்படி, பலரறியச் சந்தையில் வாங்கியவர் விற்றவனைக் கொண்டுவந்து நிறுத்த முடியாவிட்டாலும் தண்டனையிலிருந்து தப்புவார். ஆனால் பொருள் உரியவனுக்கே திரும்பும். நல்லெண்ணம் ஆளைக் காக்கும், வண்டியைக் காக்காது. 2017இல், கேரளத்தில் ஓடிக்கொண்டிருந்த பல சொகுசு கார்கள் வரி குறைவு என்பதற்காகப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்யப்பட்டிருந்த விவகாரம் வெளிவந்தது. 2025 செப்டம்பரில் கொச்சிச் சுங்கத் துறையின் தடுப்புப் பிரிவு, பூட்டான் மொழியில் வண்டி என்று பொருள்படும் ‘நும்கோர்’ என்னும் பெயரில் கேரளம் முழுதும் சோதனை நடத்தி, பூட்டானிலிருந்து முறைகேடாகக் கொண்டுவந்து போலி ஆவணங்களால் வேறு மாநிலங்களில் பதிவு செய்யப்பட்டவை என்று குற்றஞ்சாட்டிப் பழைய சொகுசு வண்டிகளைக் கைப்பற்றியது. இத்தகைய வண்டியை விவரமறியாமல் மூன்றாம் கையில் வாங்கியவருக்கு மனு தரும் ஆறுதல் குறைவே. இதன் மறுபக்கமும் உண்டு: பதிவேட்டில் பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுக்குப் பதிவு பெற்ற உரிமையாளரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே படிவம் 29, 30 என்னும் உரிமை மாற்றுத் தாள்களே இக்காலத்துக் கயிறு. அவை மாறாமல் வண்டி மட்டும் மாறினால் இருவர் கழுத்திலும் கயிறு கிடக்கும்.

இதுவரை பார்த்த மரபுகள் பெரும்பாலும் விற்பவரின் நாவையே காவல் காக்கின்றன. வாங்குபவரின் நெஞ்சுக்குள் நுழைவது சமணம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில் எழுந்த தர்மநாதர் கோயிலைச் சார்ந்த குஜராத்தி வணிகர் சொகுசை அறியாதவர் அல்லர். இல்லறத்தாருக்குச் சமணம் விதிக்கும் ஐந்து அணுவிரதங்களில் ஒன்று பரிக்கிரக பரிமாணம், அதாவது எவ்வளவு உடைமை வைத்துக்கொள்வது என்று தானே அளவு குறித்துக்கொள்ளும் நோன்பு. அந்த அளவு ஏழைமையாக இருக்க வேண்டும் என்பதில்லை, முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே விதி. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் பரிக்கிரகத்தைப் பொருள் என்று வரையறுக்காமல் ‘மூர்ச்சை’, அதாவது மயக்கம், என்று வரையறுக்கிறது. சலுகை விலையைக் கண்டதும் முன்பு குறித்த அளவு தானாக விரிந்துவிடுவதே அந்த மயக்கம். பாதுகாப்புக்காக, நீண்ட தூரப் பயணத்துக்காக, செலவை அறிந்தே ஏற்று வாங்குபவரிடம் இந்நோன்பு குறுக்கிடாது. இரப்பானின் அந்தோளகத்தில் கால்பங்கு விலைக்கு ஏறி அமர நினைப்பவருக்கு அது பேசும். ஏனெனில் அவர் வாங்க விரும்பும் பொருள் அந்த வண்டிக்குள் இல்லை, தெருவில் நின்று பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது, அதற்கோ உதிரிபாகம் கிடைக்காது. பழைய சொகுசு காரின் நன்மை தீமை ஒருவருக்கு ஒருவர் வேறுபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முடிவு செய்தவர் வண்டியைப் பார்க்கப் போகும்போது பழைய நூல்கள் கொடுத்த அவகாசம் இப்போது இல்லை. கறவை மாட்டைச் சோதிக்க மூன்று நாள், முத்துக்கும் பவளத்துக்கும் ஏழு நாள், சுமையிழுக்கும் விலங்குக்கு ஐந்து நாள் என்று நாரதர் வகுத்திருந்தார். இன்றைய வாங்குபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரைமணி நேர ஓட்டம். கேரளத்தில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பின், அந்த அரைமணியில் செய்யும் சோதனைகளில் இருக்கைப் பட்டையை உருவிப் பார்ப்பது முக்கியமாகிவிட்டது. தோள்மேல் போடும் பட்டையைக் கடைசிவரை, சுருளின் அடி தெரியும்வரை இழுத்தால், எந்த பாலிஷ்காரரின் துணியும் எட்டாத அந்தக் கடைசி ஒரு முழத்தில் சேற்றுநீர் நின்ற கோடு பழுப்பாகப் படிந்திருக்கக்கூடும். கோடு தென்படாவிட்டாலும், பட்டையைக் கையில் பிடித்தபடியே ஒப்பந்தச் சட்டத்தின் மூன்றாவது குதிரைக்காரர் கேட்டதுபோல, மறுக்காவிட்டால் இது தண்ணீர் ஏறாத, மோதாத, மீட்டர் திருப்பாத வண்டி என்றே எடுத்துக்கொள்ளப்படும் என்று சாட்சி ஒருவர் கேட்க உரக்கச் சொல்லிவிட வேண்டும். அதன்பின் விற்பவர் பட்டை மெல்லச் சுருண்டு உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றால், சட்டத்தின் கணக்கில் அவர் பேசிவிட்டார்.